ரத்தான சுற்றுலாவுக்குப் பதிலாக ஒரு மலை: மதுரைக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெயிட்டிங் லிஸ்ட் கடைசி வரை நகரவில்லை. அல்லது விமானத்தை ரத்து செய்துவிட்டார்கள். அல்லது போக வேண்டிய ஊரில் நிலச்சரிவு. காரணம் எதுவானாலும் வீட்டு நிலைமை ஒன்றுதான்: லீவு போட்டாயிற்று, பெட்டி கட்டியாயிற்று, பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். அப்போது யாராவது ஒருவர் சொல்வார், "சரி விடுங்க, கொடைக்கானலாவது போய்ட்டு வந்துருவோம்."

மதுரையில் இருப்பதில் உள்ள வசதி அது. இரண்டு மணி நேரத்திலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் போய்ச் சேர ஆறேழு மலைகள் இருக்கின்றன. ஆனால் அவசரத்தில் மலையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே மாதிரியான சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு மூலம் ஒன்றே: போக முடியாமல் போன பயணத்தை எப்படியாவது ஈடுகட்டிவிட வேண்டும் என்ற வேகம். ஐந்து நாள் திட்டத்தில் இரண்டு நாள்தான் மிஞ்சியிருக்கிறது என்றால், இரண்டு நாளுக்கு ஏற்ற மலையைத்தான் தேட வேண்டும்.

அதற்கு முன் பணம். ரயில்வே நிர்வாகமே ரயிலை ரத்து செய்தால் இ-டிக்கெட்டுக்கு முழுத்தொகையும் தானாகக் கணக்குக்கு வந்துவிடும். "எப்படியும் ஓடாது போல" என்று அறிவிப்பு வரும் முன்பே நீங்களாகக் கேன்சல் செய்தால் பிடித்தம் போகும். கவுன்ட்டரில் எடுத்த டிக்கெட் என்றால் நேரில் ஒப்படைத்துத்தான் வாங்க வேண்டும். விமான நிறுவனம் ரத்து செய்தால் மாற்று விமானமா, முழுப் பணமா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அவர்கள் நீட்டும் கிரெடிட் வவுச்சரைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. முன்பணம் கட்டிய ஓட்டல்காரரிடம் பணம் திரும்பக் கேட்பதைவிடத் தேதியை மாற்றித் தரச் சொல்வது பெரும்பாலும் சுலபமாக நடக்கும். இவற்றை முடிக்காமல் அடுத்த அறைக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.

கண்ணை மூடிக்கொண்டு கொடைக்கானல்

கொடைக்கானல் மோசமான தேர்வு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அது இப்போது நினைத்த நேரத்தில் கிளம்பிப் போகும் ஊர் இல்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வண்டியில் போக இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். கடைசி நேரத்தில் திட்டத்தை மாற்றிக்கொண்டு வருபவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்வார்கள். மற்றவர்கள் முன்பே பதிவு செய்திருப்பார்கள். எனவே இ-பாஸ் கையில் கிடைத்த பிறகே அறைக்குப் பணம் கட்டுங்கள், மாற்றிச் செய்யாதீர்கள். அரசுப் பேருந்தில் போனால் இந்தத் தொல்லை கிடையாது. ஆரப்பாளையத்திலிருந்து கொடைக்கானலுக்கு நேரடிப் பேருந்து இருக்கிறது.

அடுத்தது அறை. கடைசி நேரத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பதிவு செய்யும் பல காட்டேஜ்கள் கொடைக்கானல் என்ற பெயரில் இருந்தாலும் பெருமாள்மலையிலோ, வில்பட்டிப் பக்கமோ, பூம்பாறைச் சாலையிலோ இருக்கும். அந்த இடங்கள் அழகானவைதான். ஆனால் ஏரியைச் சுற்றிச் சைக்கிள் ஓட்டலாம் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் பூம்பாறைச் சாலையில் தங்கினால், தினமும் மலைச்சாலையில் ஏறி இறங்குவதிலேயே பாதி நாள் போய்விடும். மே மாதத்தில், அதுவும் பிரையன்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும் வாரத்தில், வெள்ளி நீர்வீழ்ச்சியிலிருந்து ஊருக்குள் போகும் வரை வண்டிகள் ஊர்ந்துதான் போகும். விசாரிக்கும்போது "ஏரியிலிருந்து எத்தனை கிலோமீட்டர், அறை வாசல் வரை கார் வருமா?" என்று இரண்டையும் கேளுங்கள். கடைசி முந்நூறு மீட்டர் ஜீப்பில்தான் போக வேண்டும் என்று அங்கே போன பிறகு சொல்வார்கள்.

இன்னொன்று, குறிஞ்சிப்பூ. யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்து அதற்காகவே போகிறவர்கள் இருக்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கூட்டமாகப் பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது, இனி 2030-இல்தான்.

மழை எந்தப் பக்கம் பெய்கிறது?

மழையால் ஒரு பயணம் ரத்தானால், அதே மழை பெய்யும் இன்னொரு மலையைத் தேர்ந்தெடுப்பது வழக்கமாக நடக்கும் தவறு. ஜூலையில் வயநாடு ரத்தாகிறது, உடனே மூணாறு என்கிறார்கள். இரண்டையும் நனைப்பது ஒரே தென்மேற்குப் பருவமழைதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அது மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கத்தில்தான் கொட்டும். போடிமெட்டிலிருந்து பூப்பாறை, தேவிகுளம் வழியாக மூணாறுக்குப் போகும் சாலையில் கேப் ரோடு பகுதியில் பாறை சரிந்து போக்குவரத்து நின்றுபோவது இந்த மாதங்களில் புதிதல்ல. தமிழ்நாட்டுப் பக்கம் மலை மறைவில் இருப்பதால் அதே வாரத்தில் சிறுமலையிலோ தாண்டிக்குடியிலோ லேசான தூறலும் நல்ல காற்றுமாக இருக்கலாம்.

அக்டோபர், நவம்பரில் கதை மாறும். வடகிழக்குப் பருவமழை பழனி மலைத்தொடரையும் சிறுமலையையும் நன்றாக நனைக்கும். கொடைக்கானல் மலைப்பாதையில் மரம் விழுவதும் மண் சரிவதும் பெரும்பாலும் அப்போதுதான். ஆகவே எந்த மலை என்று கேட்பதற்கு முன் எந்த மாதம் என்று பாருங்கள். தேனி, திண்டுக்கல் மாவட்டங்களுக்கும் இடுக்கிக்கும் வானிலை ஆய்வு மையம் விடுக்கும் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மதுரையில் வெயில் அடிப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கோடைக்கும் ஒரு கணக்கு உண்டு. பிப்ரவரி முதல் மே வரை காடு காய்ந்து கிடக்கும், காட்டுத்தீ அபாயம் இருக்கும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் நடந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் தீயில் சிக்கி இறந்தார்கள். வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் "பசங்களோட கொஞ்ச தூரம் நடந்துட்டு வருவோம்" என்று காட்டுக்குள் இறங்காதீர்கள். மூணாறு போனால் வரையாடு பார்க்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கும் ஒரு செய்தி: குட்டி ஈனும் காலம் என்பதால் இரவிகுளம் தேசியப் பூங்காவை வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடிவிடுவார்கள்.

ஊர்ப்பெயரை நம்பிக் கிளம்புவது

மேகமலை அருவி என்று மேப்பில் போட்டுக்கொண்டு போகிறவர்கள் மேகமலைக்குப் போய்ச் சேர மாட்டார்கள். சின்னச்சுருளி என்றும் அழைக்கப்படும் அந்த அருவி கடமலைக்குண்டு, கோம்பைத்தொழு பக்கம் இருக்கிறது. தேயிலைத் தோட்டமும் அணைகளும் உள்ள மேகமலைக்கு, அதாவது ஹைவேவிஸுக்கு, சின்னமனூரிலிருந்து ஏற வேண்டும். இரண்டும் வேறு வேறு சாலை. கம்பத்துக்குப் பக்கத்தில் உள்ள சுருளி அருவி மூன்றாவது இடம்.

கொழுக்குமலை தேனி மாவட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் வண்டிப்பாதை கேரளத்தில் சூரியநெல்லியிலிருந்து. அதுவும் ஜீப்பில், எலும்பு கழன்றுவிடும் போன்ற பாதையில். முதுகுவலிக்காரர்களையும் கர்ப்பிணிகளையும் அதில் ஏற்றாதீர்கள். தேக்கடியும் மலைதான் என்று ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் ஏமாறுவார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். தேக்கடி ஏறக்குறைய 900 மீட்டரில் இருக்கிறது, கொடைக்கானலோ 2,100 மீட்டரில். மே மாதம் குளிருக்காகவே போகிறீர்கள் என்றால் இந்த எண்தான் முக்கியம்.

வீட்டில் யார் யார் வருகிறார்கள்?

இதை யாரும் கடைசி வரை யோசிப்பதில்லை. ரத்தான பயணம் ரயிலிலோ விமானத்திலோ இருந்திருக்கும், அப்பத்தாவுக்கும் நான்கு வயதுப் பிள்ளைக்கும் அது சரிப்பட்டிருக்கும். மலைப்பாதை அப்படியல்ல. போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள், மேகமலைக்குப் பதினெட்டு, வால்பாறைக்கு நாற்பது, கொல்லிமலைக்கு எழுபது. கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, மறுபடி ஏற வேண்டும். மூட்டுவலி உள்ளவர்களை மேலே உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் மட்டும் அருவிக்குப் போய்வருவதைக் குடும்பச் சுற்றுலா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாந்தி வரும் பிள்ளைகளுக்கு மாத்திரையை வளைவு தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை. மருத்துவரிடம் கேட்டு, அரைமணி நேரத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும். வத்தலக்குண்டில் புரோட்டாவும் சால்னாவும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறுவதும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறதென்றால் என் ஓட்டு சிறுமலைக்கு. திண்டுக்கல்லைத் தாண்டினால் மலை தொடங்கிவிடும், காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் மேலே இருக்கலாம். பார்ப்பதற்கென்று பெரிய பட்டியல் எதுவும் இல்லை, அதுவே அதன் நல்ல குணம். புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழைப்பழத்தைச் சாலையோரத்தில் வாங்கலாம். இரண்டு நாள் இருந்து, கூட்டம் வேண்டாம் என்றால் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபித் தோட்டங்களுக்கு நடுவே தங்கலாம். மேகமலைக்கு இரண்டு நாளாவது வேண்டும். அங்கே தங்கும் இடங்கள் குறைவு, வனத்துறைச் சோதனைச்சாவடியில் மாலைக்கு மேல் அனுமதிப்பதில்லை, யானை நடமாட்டமும் உண்டு. மதியத்துக்குள் சின்னமனூரைத் தாண்ட முடியாதென்றால் அன்று ஏறாதீர்கள். பெட்ரோலையும் கைப்பணத்தையும் சின்னமனூரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி

திடீர்ப் பயணம் என்றால் தெரிந்தவரின் வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்குப் பேசுவது வழக்கமாகிவிட்டது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடைப்பது சிக்கலாகும். மஞ்சள் பலகை வண்டியில் மூணாறோ தேக்கடியோ போவதாக இருந்தால் கேரளத்துக்குப் பர்மிட் எடுத்திருக்கிறாரா, அந்தச் செலவு பேசிய வாடகையில் சேர்த்தியா என்று கிளம்பும் முன்பே கேளுங்கள். சோதனைச்சாவடியில் நின்றுகொண்டு பேரம் பேச முடியாது. கார்த்திகை, மார்கழியில் தேனியிலிருந்து கம்பம், குமுளி வரை ஐயப்ப பக்தர்கள் வண்டிகள் நிறைந்திருக்கும். சீசனில் போகும் வழியைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பி ஒருவழிப்பாதை ஆக்குவதும் உண்டு. அந்த நாட்களில் தேக்கடிக்கு வழக்கமான நேரத்தோடு தாராளமாக இரண்டு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

நீங்களே ஓட்டுகிறீர்கள் என்றால், ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இறக்கம் முழுக்கப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறி வரும் வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும். திரும்பும் நாள் ஞாயிறு என்றால் மதியச் சாப்பாட்டை மேலே வைத்துக்கொள்ளாமல் பதினொரு மணிக்கே இறங்கத் தொடங்கி, வத்தலக்குண்டிலோ தேனியிலோ சாப்பிடுங்கள். மூன்று மணிக்கு மேல் மொத்த மலையும் ஒன்றாக இறங்கும், மூடுபனியும் சேர்ந்துகொள்ளும், மறுநாள் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு எழுப்ப வேண்டிய வேலை வேறு இருக்கிறது.