மான் வேட்டைக்கு ரைஃபிளா, ஷாட்கன்னா? முதல் துப்பாக்கி வாங்குகிறவர்களுக்கு

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் புதிதாகக் கிளம்புகிறவர்கள் துப்பாக்கிக் கடையில் முதலில் கேட்பது பெரும்பாலும் "எதற்குப் பவர் அதிகம்?" என்றுதான். உண்மையில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. வெள்ளைவால் மானை வீழ்த்த நடுத்தர ரைஃபிளும் போதும், ஸ்லக் (ஒற்றை ஈயக்கட்டி) போட்ட ஷாட்கன்னும் போதும். எதை வாங்குவது என்பதை முதலில் சட்டம் சொல்லும், பிறகு நீங்கள் உட்காரப்போகும் இடம், அதற்குப் பிறகு உங்கள் தோள். இந்த வரிசையில் யோசித்தால் குழப்பம் வராது.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் மாவட்டத்தில் ரைஃபிளுக்கு அனுமதி இருந்தால் ரைஃபிளே வாங்குங்கள். ஷாட்கன்னைத் தேர்ந்தெடுக்க உருப்படியான காரணம் இரண்டுதான்: சட்டம் ரைஃபிளைத் தடுக்கிறது, அல்லது ஷாட்கன் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது.

இந்தியாவில் மான் வேட்டை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே எழுதுவதெல்லாம் அமெரிக்காவில் முறைப்படி லைசென்ஸ் எடுத்து, சீசன் நாட்களில் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு மட்டும்.

படி 1: கடைக்குப் போகுமுன் காகிதம்

எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். இந்த வகை விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது ஃபெடரல் சட்டத்தின் பொது விதி. அதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது அவற்றில் ஒன்று. லைசென்ஸ் காலாவதியானால் அந்த விதிவிலக்கும் போய்விடும். ஆகவே துப்பாக்கியை வாங்கிவிட்டு லைசென்ஸை அடுத்த சீசனில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கவே கூடாது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. எந்த விசாவாக இருந்தாலும், ஒரு முறை குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிடுவது நல்லது. விசா போனால் மானைவிடப் பெரிய நஷ்டம்.

லைசென்ஸுக்கு முன் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். கொலராடோவில் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு இது கட்டாயம், டெக்சஸில் 1971 செப்டம்பர் 2 முதல் பிறந்தவர்களுக்கு. கட்டாயம் இல்லாதவர்களும் போய்வாருங்கள். அங்கே துப்பாக்கியைக் கையில் கொடுத்துச் சொல்லித்தருவார்கள்.

படி 2: உங்கள் மாவட்டத்தில் எதற்கு அனுமதி?

இந்த ஒரு படியிலேயே பலருக்கு முடிவு தெரிந்துவிடும். மாசசூசெட்ஸில் மானுக்கு ரைஃபிள் கூடாது. நியூ ஜெர்சியிலும் வழக்கமான சென்டர்ஃபயர் ரைஃபிளுக்கு (தோட்டாவின் அடிப்பக்க நடுவில் ஊசி தட்டிச் சுடும் வகை) இடமில்லை, ஷாட்கன்னோ, குழல் முனைவழியே மருந்து கெட்டிக்கும் மஸில்லோடரோதான். கொலராடோவில் நிலைமை வேறு. ரைஃபிளே அங்கே வழக்கம், ஆனால் குறைந்தது 0.24 அங்குலக் காலிபர் (குண்டின் விட்டம்) வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

நடுவில் ஒரு மூன்றாவது வழியும் திறந்திருக்கிறது. ஒருகாலத்தில் ஷாட்கன் மட்டுமே என்றிருந்த மத்திய மேற்கு மாநிலங்கள் பல, நேர்சுவர்த் தோட்டா போடும் ரைஃபிள்களை இப்போது அனுமதிக்கின்றன. அதாவது தோட்டாவின் பித்தளைக் கூடு, கழுத்து குறுகாமல் அடியிலிருந்து நுனிவரை நேராக இருக்க வேண்டும். ஒஹாயோவில் 2014 முதல் இது உண்டு. மிச்சிகனின் தென்பகுதியில் கூட்டின் நீளம் 1.16 முதல் 1.80 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்று அளவே குறித்திருக்கிறார்கள். இல்லினாயில் 2023 முதல் அனுமதி வந்தது, ஆனால் ஒரே தோட்டா போடும் சிங்கிள்ஷாட் ரைஃபிளுக்கு மட்டும். இந்த விதிகளை மனத்தில் வைத்தே வின்செஸ்டர் 2019இல் .350 லெஜண்ட் தோட்டாவைக் கொண்டுவந்தது. உங்கள் மாவட்டம் இந்தப் பட்டியலில் இருந்தால், ஸ்லக் ஷாட்கன் வாங்குமுன் .350 லெஜண்ட் ரைஃபிள் ஒன்றைத் தோளில் வைத்துப் பாருங்கள். உதை குறைவு, தோட்டா மலிவு, 150 கெஜம்வரை கவலையில்லை.

விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். மாநில வனவிலங்குத் துறை வெளியிடும் அந்த ஆண்டுக் கையேட்டைத்தான் நம்ப வேண்டும், நான் எழுதியதை அல்ல. ஷாட்கன்னில் எத்தனை தோட்டா நிரப்பலாம் என்பதையும் அதிலேயே பாருங்கள். இல்லினாய், நியூ ஜெர்சி இரண்டிலும் மூன்றுக்கு மேல் கூடாது.

ஷாட்கன் மட்டும் என்ற விதி எதற்கு? சமவெளி, நெருக்கமான வீடுகள், ஸ்லக் சீக்கிரம் கீழே விழுந்துவிடும் என்ற கணக்கு. அந்தக் கணக்கு முழுக்கச் சரியில்லை. பென்சில்வேனியா சட்டமன்றக் குழு ஒன்றுக்காக 2007இல் செய்த ஆய்வில், தரைக்கு இணையாகச் சுட்டால் ஸ்லக் தரையில் பட்டுத் தெறித்து, ரைஃபிள் குண்டைவிடவும் தூரம் போகக்கூடும் என்று தெரியவந்தது. கையில் ஷாட்கன் இருக்கிறது என்பதற்காக, மானுக்குப் பின்னால் மண்மேடு இல்லாமல் சுடாதீர்கள்.

படி 3: "ஷாட்கன் பரவும், குறி தப்பாது" என்பதை மறந்துவிடுங்கள்

வாத்துக்கும் முயலுக்கும் போடும் சிறு ரவைகள் பரவும். மானுக்குப் போடுவது பெரும்பாலும் ஸ்லக், அதாவது ஒரே ஈயக்கட்டி. 12 கேஜ் (கேஜ் என்பது ஷாட்கன் குழலின் அளவு, எண் குறைந்தால் குழல் பெரிது) ஸ்லக் ஒன்று பொதுவாக ஒரு அவுன்ஸ், ரைஃபிள் குண்டுகளை எடைபோடும் கிரெயின் கணக்கில் 437 சொச்சம். .308 ரைஃபிள் குண்டு வழக்கமாக 150 கிரெயின்தான். எடையில் ஸ்லக் மூன்று மடங்கு. வேகத்தில் எதிர்ப்பக்கம்: சாதாரண ஸ்லக் வினாடிக்கு 1,600 அடி என்றால், .308 குண்டு 2,800 அடி. ஸ்லக் அகலமும் மொட்டையுமானது, அதனால் காற்றில் சீக்கிரம் வேகமிழந்து கீழிறங்கும். 50 கெஜத்தில் குறி சரிசெய்த (அதாவது அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே படும்படி வைத்த) சாதாரண ஸ்லக், 100 கெஜத்தில் சுமார் 5 அங்குலம் கீழே போய்ப் படும். 200 கெஜத்தில் குறி சரிசெய்த .308, 100 கெஜத்தில் 2 அங்குலம் மேலே படும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பெரிய ரவைகளான பக்‌ஷாட்டும் இருக்கிறது. டபுள் ஆட் பக்கில் ஒரு ரவை 0.33 அங்குலம், வழக்கமான 12 கேஜ் தோட்டாவில் ஒன்பது ரவைகள். 40 கெஜம் தாண்டினால் இவை சிதறி, மானைக் கொல்லாமல் காயப்படுத்திவிடும். பல மாநிலங்களில் மானுக்கு இது தடை. அனுமதி இருந்தாலும் புதியவர்களுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

படி 4: உட்காரும் இடத்திலிருந்து அளந்து பாருங்கள்

சீசனுக்கு முன் ஒரு நாள், தூரம் அளக்கும் லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு வேட்டை இடத்துக்குப் போங்கள். எந்த மரத்தில் ஏறி உட்காரப் போகிறீர்களோ அங்கிருந்தே அளக்க வேண்டும். மான் வந்துபோகும் தடம் எத்தனை கெஜம்? சோளக்கொல்லையின் எதிர் ஓரம்? ஓடைக்கரை? ஒவ்வொன்றையும் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணால் போட்ட மதிப்பு எவ்வளவு தப்பு என்று அங்கேயே தெரியும். வெட்டவெளியில் 150 கெஜம் என்பது பழக்கமில்லாத கண்ணுக்கு 100 போலத் தெரியும்.

குறித்த எண்கள் எல்லாம் 75க்குள் அடங்கினால் எந்தத் துப்பாக்கியும் வேலை செய்யும். 100ஐ ஒட்டி வந்தால் சாதாரண ஷாட்கன் குழல் எல்லையைத் தொடுகிறது. 150 என்றால் ரைஃபிள், அல்லது நல்ல ஸ்லக் குழலும் ஸ்கோப்பும் (துப்பாக்கிமேல் மாட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கி). அதற்கு மேல் என்றால் ரைஃபிள் மட்டும்.

படி 5: ஷாட்கன் என்று முடிவானால், குழலையும் ஸ்லக்கையும் ஜோடி சேர்ப்பது

புதியவர்கள் அதிகமாகச் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

ஷாட்கன் குழலில் இரண்டு வகை. உள்ளே வழவழப்பாக இருப்பது ஒன்று. ரைஃபிள்போலச் சுருள்வரி வெட்டியது மற்றொன்று. வழவழப்பான குழலுக்கு ஃபாஸ்டர் வகை ஸ்லக். இதன் பின்பக்கம் குடைவாக இருக்கும், எடை முன்பக்கம் இருப்பதால் சுழலாமலே நேராகப் போகும். ஜெர்மானியர் வில்ஹெல்ம் பிரென்னக்கே 1898இல் வடிவமைத்த பிரென்னக்கே ஸ்லக்கும் இந்தக் குழலில் நன்றாகவே போகும். பெட்டியின்மேல் ரைஃபிள்டு ஸ்லக் என்று போட்டிருக்கும், அதைப் பார்த்துச் சுருள்வரிக் குழலுக்கானது என்று எடுத்துவிடாதீர்கள். அது வழவழப்பான குழலுக்கானதுதான். குழல் முனையில் சிலிண்டர் அல்லது இம்ப்ரூவ்டு சிலிண்டர் சோக் (குழல் முனையின் இறுக்கத்தைத் தீர்மானிக்கும் சிறு குழாய்) மாட்டுங்கள். வான்கோழிக்குப் போடும் இறுக்கமான சோக் வேண்டாம்.

சுருள்வரிக் குழலுக்கு சேபோ ஸ்லக். குழலைவிடச் சிறிய குண்டு ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் உட்கார்ந்திருக்கும். உறை சுருள்வரியைப் பிடித்துச் சுழல்கிறது, வெளியே வந்ததும் கழன்று விழுகிறது, குண்டு மட்டும் சுழன்றபடி போகிறது. இதையே வழவழப்பான குழலில் போட்டால் சுழல வழியில்லை. குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. விலை கூடிய தோட்டாதான் நன்றாகப் போகும் என்று நினைத்து, பழைய பறவைத் துப்பாக்கியில் சேபோ போடுகிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

கேஜ் எது? 12 வேண்டுமென்று கட்டாயமில்லை. இன்றைய 20 கேஜ் சேபோ மானுக்குத் தாராளம், தோளுக்கும் இதம். ஏற்கெனவே மோஸ்பர்க் 500, ரெமிங்டன் 870 போன்ற பம்ப் ஷாட்கன் இருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், அதற்கான சுருள்வரிக் குழலை மட்டும் வாங்கி மாட்டினால் போதும். சேபோ பொதுவாக ஐந்து தோட்டாப் பெட்டியாக வரும், ரைஃபிள் தோட்டா இருபதாக. விலையைத் தோட்டாக் கணக்கில் வகுத்துப் பாருங்கள். பயிற்சி முடிவதற்குள் எது மலிவு என்று தெரிந்துவிடும்.

படி 6: ரைஃபிள் என்று முடிவானால்

இங்கே குழப்பிக்கொள்ள அதிகம் இல்லை. .243 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர், .308 வின்செஸ்டர், .270 வின்செஸ்டர், இவற்றில் எதை எடுத்தாலும் சரி. அடர்ந்த காட்டில் மட்டும் உட்காரப் போகிறவர்களுக்கு 1895இல் வந்த .30-30 இன்றும் அருமையான தோட்டா. போல்ட் ஆக்‌ஷன் (ஒவ்வொரு முறையும் கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) எளிது, சுத்தம் செய்வதும் எளிது. மேக்னம் (மருந்தும் உதையும் கூடிய தோட்டா) என்று பெயரில் வந்தால் நகர்ந்துவிடுங்கள்.

கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயத் தோட்டா கூடாது. அங்கே செம்புக் குண்டுதான். ஷாட்கன்காரர்களுக்கும் இதே விதி.

படி 7: தோளைக் கேளுங்கள்

.243 ரைஃபிளின் உதை சுமார் 10 அடி-பவுண்டு. .308இல் 17ஐ ஒட்டி வரும். 12 கேஜ் ஸ்லக்கில் துப்பாக்கியின் எடையைப் பொறுத்து 30ஐயும் தொடலாம். எண் பெரிதாகத் தோன்றாமல் இருக்கலாம், ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து ஐந்தாவது ஸ்லக்கைச் சுடும்போது விசையை இழுக்குமுன்பே கண் தானாக மூடும், தோள் முன்னால் பாயும். அது பழக்கமாகிவிட்டால் போக்குவது கஷ்டம். கடைக்காரர் சொல்வதை நம்பாமல், துப்பாக்கிப் பயிற்சித் தளத்தில் வாடகைக்கோ நண்பரிடமோ வாங்கி இரண்டையும் சுட்டுப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. சின்னக் காலிபரில் சரியாகப் படுகிற குண்டு, பெரிய காலிபரில் தப்பிப் போகிறதைவிட மேல்.

படி 8: குறி சரிசெய்தல்

100 கெஜத்தில் ஆரம்பிக்காதீர்கள். காகிதத்திலேயே படாமல் தோட்டா வீணாகும். 25 கெஜத்தில் இலக்கை நிறுத்தி, துப்பாக்கியை மணல்மூட்டையில் வைத்து, நிதானமாக மூன்று முறை சுடுங்கள். மூன்று துளைகளுக்கும் நடுப்புள்ளி எங்கே என்று பாருங்கள். அதை வைத்துத்தான் ஸ்கோப்பைத் திருப்ப வேண்டும், ஒரே துளையைப் பார்த்து அல்ல. பெரும்பாலான ஸ்கோப்புகளில் ஒரு கிளிக் 100 கெஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும். 25 கெஜத்தில் அதே கிளிக் பதினாறில் ஒரு பங்கு அங்குலம்தான். ஆகவே ஒரு அங்குலம் கீழே பட்டால், மேலே என்ற திசையில் 16 கிளிக். திரும்ப மூன்று. நடுவில் வந்ததும் தூரத்தைக் கூட்டுங்கள்: சாதாரண ஸ்லக்குக்கு 50 கெஜம், சேபோவுக்கும் ரைஃபிளுக்கும் 100. குழல் சூடேறினால் துளைகள் விலகும், ஆறவிட்டுச் சுடுங்கள்.

ஒவ்வொரு கம்பெனி ஸ்லக்கும் ஒவ்வொரு குழலில் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும். இரண்டு மூன்று வகை வாங்கிச் சுட்டு, எது நெருக்கமாகப் படுகிறதோ அதையே சீசன் முழுதுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ரைஃபிளிலும் இது உண்டு, ஆனால் இவ்வளவு பிடிவாதம் இருக்காது.

அடுத்து பெஞ்சை விட்டு எழுந்திருங்கள். மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி சுமார் 8 அங்குல வட்டம். அந்த அளவுக் காகிதத் தட்டு ஒன்றை ஒட்டி, மண்டியிட்டும் உட்கார்ந்தும் கோல் ஒன்றில் தாங்கியும் சுடுங்கள். எல்லாத் தோட்டாவும் தட்டுக்குள் விழுகிற தூரம் எதுவோ அதுதான் இந்த சீசனில் உங்கள் எல்லை, தோட்டாப் பெட்டியில் என்ன அச்சிட்டிருந்தாலும். அந்தத் தூரத்தைப் படி 4இல் குறித்த காகிதத்தோடு ஒப்பிட்டு, எல்லைக்கு வெளியே விழும் இடங்களை அடித்துவிடுங்கள். காரில் நெடுந்தூரம் போய் இறங்கினால், வேட்டைக்கு முந்தைய நாள் அனுமதியுள்ள தளத்தில் இரண்டு தோட்டா சுட்டு, ஸ்கோப் அசையவில்லை என்று பார்த்துவிட்டுத் தூங்கப் போங்கள்.