கிருபையைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் புதிதாகப் பிரசங்கிக்கத் தொடங்கும் இளைஞர்களின் குறிப்புகளைத் திருத்திக் கொடுக்கும் பணி எனக்கு வாய்த்திருக்கிறது. கிருபையை, அதாவது தகுதி பாராமல் தேவன் இலவசமாகக் காட்டும் தயவைப் பற்றிப் பேச எழுந்தவர்கள், பேசி முடிப்பதற்குள் தங்களையே நீதிமான்களாக நிறுத்திவிடுவதை அடிக்கடி காண்கிறேன். என் பழைய குறிப்பேடுகளிலும் இதே வாக்கியங்கள் உண்டு. வசன எண் மாறுவதும் நேரம் கடந்து பேசுவதும் பழகப் பழகச் சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சாக்கோடு வரும் பாவ அறிக்கை

1 சாமுவேல் 15இல், கர்த்தருடைய கட்டளையை மீறிய அரசன் சவுல், தீர்க்கதரிசி சாமுவேலிடம் தான் பாவஞ்செய்ததாக ஒப்புக்கொள்கிறான். ஆனால் ஜனங்களுக்குப் பயந்தே அப்படிச் செய்ததாகச் சொல்லி, மூப்பருக்கு முன்பாகத் தன்னைக் கனம்பண்ணும்படியும் சாமுவேலைக் கேட்கிறான். தன் பாவத்தைக் கண்டித்த தீர்க்கதரிசி நாத்தானுக்கு முன் அரசன் தாவீது சொன்னதோ, கர்த்தருக்கு விரோதமாகப் பாவஞ்செய்தேன் என்ற ஒரே வாக்கியம். தகப்பனின் குடியையும் தீய சிநேகிதரையும் முன்னே நிறுத்திவிட்டுத் தாம் பின்னால் வருகிறவர்கள் சவுலின் வழியில் நடக்கிறார்கள்.

தப்பியதைத் தகுதியாக்குவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை. கடல் வந்த நேரத்தில் ஆராதனையில் இருந்தோம், கர்த்தர் காத்தார் என்ற சாட்சியை நமது கரையோர ஊர்களில் இன்றும் கேட்கலாம். நன்றியாகச் சொல்லும்வரை அதில் குறையில்லை. கேட்டுப் பழகிய இளைய பிரசங்கியார் அதற்கு ஒரு காரணம் சேர்க்கும்போதுதான் கேடு தொடங்குகிறது.

கல்முனைப் பக்கம் ஒரு வீட்டுக் கூட்டத்தில் ஒரு தம்பி, தன் குடும்பம் உபவாசித்து ஜெபித்து வந்ததாலேயே அலை தங்கள் வாசலோடு நின்றது என்று உருக்கமாகப் பேசினார். பாயில் முன்னால் இருந்த அம்மா இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர், அவரும் ஜெபிக்கிறவர்தான். தேநீர் கொடுக்கும் நேரத்தில் அவர் அந்தத் தம்பியிடம், "நாங்க ஜெபிச்சது காணாதா, மகன்?" என்று கேட்டார். தம்பியிடம் பதில் இல்லை. அம்மா அதன்பின் அந்தக் கூட்டத்துக்கு வரவேயில்லை.

ஜெபத்தின் அளவுக்குத் தக்கபடி உயிர் மிஞ்சியது என்றால், ரோமர் 4:4 சொல்லும் முறைப்படி அது கிருபையல்ல, கொடுத்தே தீரவேண்டிய கடனான கூலி. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் எருசலேமின் மற்றக் குடிகளைவிடக் குற்றவாளிகளோ என்று கேட்டு, அப்படியல்ல என்று இயேசுவே சொல்லியிருக்க (லூக்கா 13:4–5), நாம் எந்த அதிகாரத்தில் வேறு கணக்குப் போடுகிறோம்? 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து இறந்தவர்களில் பலர் சிறுவர்கள். ஆராதனைக்கு வந்ததால் காக்கப்பட்டோம் என்ற கணக்கை அவர்களுடைய பெற்றோருக்கு முன்னால் எவர் வாசித்துக் காட்டுவார்?

"காக்கப்பட்டேன், ஏன் என்று அறியேன், நன்றி செலுத்துகிறேன்" என்ற அளவில் நிறுத்தும்படி குறிப்பின் ஓரத்தில் எழுதிக் கொடுக்கிறேன். அப்படிச் சொன்னால் சாட்சியில் பலமில்லை என்று முறையிடுகிறார்கள். அவர்கள் தேடும் பலம் எவருடையது என்பதுதான் என் கேள்வி.

யாக்கோபைப் பவுலுக்கு எதிராக நிறுத்துவது

மனிதன் கிரியைகளினாலல்ல, விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுகிறான் என்று பவுலும், விசுவாசத்தினால் மாத்திரமல்ல, கிரியைகளினாலும் என்று யாக்கோபும் எழுதியதை மோதவிடுகிறார்கள். ஆனால் ஆபிரகாம் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்ற ஆதியாகமம் 15ஐ இருவருமே எடுத்துக்காட்டுகிறார்கள். யாக்கோபு அதோடு சேர்க்கும் ஈசாக்கின் பலி 22ஆம் அதிகாரத்தில், நெடுங்காலத்துக்குப் பின் வருகிறது. அந்த வரிசையைக் குலைத்துவிட்டு யாக்கோபு 2:24ஐ மட்டும் வாசித்தால், விசுவாசத்தின் கனியான கிரியை, நீதிமானாவதற்கான விலையாக மாறிவிடும்.

பரிசேயனைத் திட்டுவது

நான் ஆயக்காரனைப்போல் இல்லை என்று ஜெபித்த பரிசேயனைத் திட்டும்போது சபையார் உரத்த குரலில் "ஆமென்" சொன்னால், லூக்கா 18 தவறாகப் பிரசங்கிக்கப்பட்டிருக்கிறது; அவர்களும் அவனைப்போலவே தங்களை மேலாக எண்ணுகிறார்கள்.

ஜெபத்தில் அழுத நேரத்தைக் கணக்கிட்டுச் சொல்வது

வேண்டாம்.