காத்தாலைக்குப் பின்னாடி ஓடுற காத்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்
டென்மார்க் மேற்குக் கரைக்கு அந்தப்பக்கம் கடல்ல இருக்கிற ஹார்ன்ஸ் ரெவ் காத்தாலைகளோட அந்த ஃபோட்டோவ நிறைய பேர் பாத்திருப்பீங்க, 2008 பிப்ரவரி 12 அன்னைக்கு எடுத்தது, ஒவ்வொரு டர்பைனுக்குப் பின்னாடியும் வால் மாதிரி வெள்ளையா மூடுபனி நீண்டு கிடக்கும். அதப் பாத்துட்டு வேக்னா (டர்பைன் காத்தோட சக்திய எடுத்ததும் அதுக்குப் பின்னாடி வேகம் குறைஞ்சு, கலங்கி ஓடுற காத்து) இவ்ளோ அகலம், இவ்ளோ நீளம்னு கணக்கு போடாதீங்க. அன்னைக்கு கடல் மேல இருந்த ஈரக்காத்து பனியா மாறுற பதத்துல இருந்துச்சு, பிளேடு சுத்திக் கலக்கிவிட்டதும் பனி கெளம்பிடுச்சு. மத்த நாள்லயும் வேக் இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது.

அடுத்து, வேகம் 20% குறைஞ்சா கரண்ட்டும் 20% தான் குறையும்னு நெனைக்கிறது. காத்துல இருக்கிற பவர் வேகத்தோட மும்மடிக்குத் தக்கபடி மாறும், அதனால 20% வேகம் போனா கிட்டத்தட்ட பாதி பவர் போயிடும்!

சரி, அப்ப பத்தாவது வரிசையில ஒண்ணுமே மிஞ்சாதான்னு கேப்பாங்க, இதுதான் எனக்கு ரொம்ப புடிச்ச எடம். ஹார்ன்ஸ் ரெவ்ல ரோட்டர், அதாவது சுத்துற பிளேடு வட்டத்தோட விட்டம் 80 மீட்டர், டர்பைனுக்கு டர்பைன் இடைவெளி 560 மீட்டர், காத்து நேரா வரிசையோட அடிக்கும்போது பெரிய அடி ரெண்டாவது டர்பைனுக்குத்தான், அதுக்கப்புறம் எறக்கம் ரொம்ப கம்மி. ஏன்னா வேக்ல டர்புலன்ஸ், அதாவது காத்தோட சுழலும் கலக்கமும் கூடக்கூட மேல ஓடுற வேகமான காத்து கீழ கலந்து எறங்கும், எழந்த வேகத்துல கொஞ்சம் திரும்பி வந்துடும். அதனால ஒவ்வொரு டர்பைனோட நஷ்டத்தையும் அப்படியே கூட்டிக்கிட்டே போகக்கூடாது.

இந்தக் கலப்பு எப்பவும் ஒரே மாதிரி நடக்கும்னு நம்புறதும் தப்பு. வெயில் நேரத்துல தரை சூடாகி காத்து மேலயும் கீழயும் புரளும், வேக் சீக்கிரம் கலைஞ்சிடும். ராத்திரி தரை குளுந்து காத்து அடங்கிட்டா ரொம்ப தூரம் போகும். கடல்ல, குளுந்த தண்ணி மேல சூடான காத்து வர்ற நாள்ல இன்னும் மோசம், வட கடல்ல விமானத்துல அளந்து பாத்தப்ப மொத்தக் காத்தாலைப் பண்ணையோட வேக் 50 கிலோமீட்டர் தாண்டியும் இருந்துச்சு.

காத்து பலமா அடிச்சா வேக்கும் பலமா இருக்கும்னு சொல்றதும் சரியில்ல. முழு பவர் எட்டினதும் பிளேட திருப்பி காத்த வழியவிட்டுடுவாங்க, அதனால வேக்ல வேகம் குறையுற சதவீதம் கம்மியாகிடும்.

கரண்ட் கணக்கோட நிறுத்திடவும் கூடாது. முன்னாடி டர்பைனோட வேக், பின்னாடி ரோட்டர்ல பாதிய மட்டும் மூடுச்சுன்னா ஒவ்வொரு சுத்துக்கும் பிளேடு மெதுவான காத்துலேருந்து வேகமான காத்துக்குள்ள போய்த் திரும்பும், அந்த அலைச்சல்ல பிளேடும் பேரிங்கும் சீக்கிரம் தேயும்.