மாடியிலிருந்து எறிந்த பந்து எங்கே விழும்?

எறிபொருள் கணக்கில், அதாவது எறியப்பட்டபின் ஈர்ப்பால் மட்டுமே இயங்கும் பொருளைப் பற்றிய கணக்கில், மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் சூத்திரம் தெரியாததால் அன்று. மனப்பாடம் செய்த சூத்திரத்தைப் பொருந்தாத இடத்தில் போடுவதால்தான். ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம். 15 மீட்டர் உயரமுள்ள மாடியின் விளிம்பிலிருந்து, கிடைத்தளத்துக்கு மேல் 30 டிகிரி கோணத்தில், வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பந்து எறியப்படுகிறது. காற்றுத்தடையை விட்டுவிட்டு, புவியீர்ப்பு முடுக்கத்தை 10 எனக் கொண்டால், சுவரடியிலிருந்து எவ்வளவு தொலைவில் அது தரையைத் தொடும்?

முதலில் படம் வரைந்து, எறிந்த புள்ளியை ஆதியாகவும் (அளவுகளைத் தொடங்கும் புள்ளியாகவும்) மேல்திசையை நேர்க்குறியாகவும் குறித்துக்கொள்ள வேண்டும். குறியை நடுவழியில் மாற்றுவதால் போகும் மதிப்பெண்களே அதிகம். பிறகு தொடக்கத் திசைவேகத்தைப் பிரிக்கலாம். கிடைத்தளக் கூறு 20 × கோசைன் 30, அதாவது ஏறத்தாழ 17.3, செங்குத்துக் கூறு 20 × சைன் 30, அதாவது 10. ஈர்ப்பு கீழ்நோக்கி மட்டுமே செயல்படுவதால் முதல் கூறு கடைசிவரை மாறாது; இரண்டாவது வினாடிக்கு 10 வீதம் குறைந்து, உச்சியில் சுழியாகி, பின் எதிர்க்குறி பெறும். உச்சியில் பந்தே நின்றுவிடுவதாக எழுதுவது தவறு. அங்கும் அது வினாடிக்கு 17.3 மீட்டர் வேகத்தில் முன்னே சென்றுகொண்டுதான் இருக்கிறது.

இவ்விரு இயக்கங்களுக்கும் பொதுவானது நேரம் ஒன்றே என்பதால், அதைச் செங்குத்து இயக்கத்திலிருந்து கண்டுபிடித்துக் கிடைத்தள இயக்கத்தில் இட வேண்டும். தரை, ஆதிக்குக் கீழே 15 மீட்டரில் இருப்பதால், நேரத்தை ‘நே’ எனக் கொண்டால் (இதில் 5 என்பது ஈர்ப்பு முடுக்கத்தின் பாதி):

−15 = 10நே − 5நே²

சுருக்கினால் நே² − 2நே − 3 = 0; தீர்வுகள் 3, −1. எதிர்க்குறி விடையை ஒதுக்கிவிடலாம் என்றாலும் அது பொருளற்றதன்று: இதே பாதையில் பந்து தரையிலிருந்தே கிளம்பியிருந்தால், 1 வினாடி முன்னதாகப் புறப்பட்டிருக்கும் என்று அது சொல்கிறது. ஆகவே பறக்கும் நேரம் 3 வினாடி; தொலைவு 17.3 × 3, ஏறத்தாழ 52 மீட்டர்.

சரிபார்ப்பதும் எளிது. பந்து 1 வினாடியில் 5 மீட்டர் ஏறுகிறது. அங்கிருந்து தரைவரை உள்ள 20 மீட்டரை விழுந்து கடக்க 2 வினாடி ஆகும். கூட்டினால் அதே 3. பழக்கதோஷத்தில், கிடைத்தளத் தொலைவை நேரடியாகத் தரும் நெடுக்கச் சூத்திரத்தைப் போட்டிருந்தால் 34.6 மீட்டர் என்றே கிடைத்திருக்கும். அந்தச் சூத்திரம் புறப்பட்ட மட்டத்துக்கே பொருள் திரும்பும் நிலைக்கு உரியது, 34.6 மீட்டரில் பந்து மாடியின் மட்டத்துக்குத்தான் இறங்கியிருக்கிறது, தரை இன்னும் 15 மீட்டர் கீழே இருக்கிறது.