க்ரோ ப்வா டிப்: விருந்துக்குச் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரீஷியஸ்ல தைப்பூசக் காவடி நெருங்கினா நம்ம வீடுகள்ல சைவம்தான், இப்ப அதுலயும் பால் தயிர் நெய் எதுவும் வேணாம்னு சொல்ற புள்ளைங்க இருக்காங்க, அவங்களும் சேர்ந்து சாப்பிடுற மாதிரி க்ரோ ப்வால, அதாவது லிமா பீன்ஸ்ல, தொட்டுச் சாப்பிடுற ஒரு டிப் வச்சீங்கன்னா மரவள்ளி சிப்ஸ், பொரிச்ச பலாக்காய், வெள்ளரிக்காய்னு எதோடயும் சேரும். தால் பூரிக்குள்ள வைக்கிற கறிக்குப் போடுறோமே, அதே பெரிய வெள்ளைப் பயறுதான்.

டிப் சரியா வரலன்னா எல்லாரும் மசாலாவைத்தான் குறை சொல்றாங்க. பெரும்பாலும் தப்பு அதுக்கு முன்னாடி, வேகவைக்கிறப்பவே நடந்துடுது.

க்ரோ ப்வாவ பச்சையா, அரைவேக்காடா சாப்பிடவே கூடாது, அதுல சயனைடு வெளிவிடுற லினமாரின்னு ஒரு பொருள் இருக்கு. கடையில கிடைக்கிற வெள்ளை ரகத்துல அது குறைவுதான், ஆனாலும் நிறைய தண்ணில ராத்திரி முழுக்க ஊறவச்சு, அந்தத் தண்ணிய கொட்டிட்டு, புதுத் தண்ணில மூடாம கொஞ்ச நேரம் கொதிக்க விட்டுட்டு அப்புறம் குக்கர்ல போடுங்க. ஜனவரி பிப்ரவரி வெயில்ல வெளிய ஊறவச்சா புளிச்சு நுரை கட்டிடும், ஃப்ரிட்ஜ்ல வைங்க. சிவப்பு ராஜ்மால செய்றீங்கன்னா ஊறவச்சப்புறம் குறைஞ்சது 10 நிமிஷம் தளதளன்னு கொதிச்சே ஆகணும், ஸ்லோ குக்கர்ல நேரா போடவே போடாதீங்க, அந்தக் குறைஞ்ச சூட்டுல ராஜ்மால இருக்கிற விஷம் அழியாது, வாந்தி பேதில கொண்டு விட்டுடும்.

இன்னொண்ணு, பயறு வேகுறதுக்கு முன்னாடியே எலுமிச்சை, தக்காளி, புளி எதையும் ஊத்தாதீங்க, புளிப்பு பட்டா தோல் இறுகிடும், எவ்வளவு நேரம் வச்சாலும் மையா வராது. உப்பு அப்படி இல்ல, ஊறவைக்கிற தண்ணிலயே போடலாம், தோல் மெதுவாகும். ரெண்டு விரல்ல நசுக்கினா வெண்ணெயா போகணும், நடுவுல மாவு கட்டி தட்டுனா இன்னும் வேகல. சூடா இருக்கும்போதே தோல பிதுக்கி எடுத்துட்டு அரைச்சுடுங்க, ஆறினப்புறம் அரைச்சா திப்பி திப்பியா நிக்கும். வெந்த தண்ணிய ஒரு கப் எடுத்து வைங்க, இறுகினா அதுதான் உதவும், பச்சைத் தண்ணி ஊத்தினா ருசி செத்துடும்.

சீரகத்தூள் மிளகாத்தூள அப்படியே தூவாம எண்ணெயில லேசா பொரிச்சு ஊத்துங்க. பச்சைப் பூண்டு போட்டு ராத்திரி வச்சா காரம் ஏறி நாக்க பிடிக்கும், வதக்கிப் போடுறதுதான் நல்லது. கொத்தமல்லி சட்னிய பயறு நல்லா ஆறினப்புறம் கடைசியா கலக்குங்க, சூட்டுல பச்சை நிறம் போயிடும். மசாவரூங்கிற மிளகாய் விழுத கடையில வாங்கினா, சைவம்தானான்னு லேபிள பாருங்க. வூஸ்டர் சாஸ் ஊத்துற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, பெரும்பாலும் அதுல நெத்திலி மீன் இருக்கும்.

குளிர்ந்தா ருசி மங்கித் தெரியும், அதனால ஃப்ரிட்ஜ்லருந்து எடுத்தப்புறம் இன்னொரு தடவ ருசி பாருங்க.

கூட்டம் கூடுற வீட்டுல ஒரே பெரிய கிண்ணத்துல வச்சு மத்தியானம் முழுக்க விடுறதுதான் பெரிய தப்பு. வெளிய 2 மணி நேரத்துக்கு மேல வேணாம், வெளிச் சூடு 32 டிகிரி தாண்டினா 1 மணி நேரம்தான். சின்னச் சின்ன கிண்ணமா வைங்க, மேஜையில மிஞ்சினத ஃப்ரிட்ஜ்ல இருக்கிறதோட கலக்காதீங்க. ஃப்ரிட்ஜ்ல இருக்கிறது 3 நாள் தாங்கும், கொத்தமல்லி கலக்காததா இருந்தா ஃப்ரீசர்லயும் போட்டு வைக்கலாம்.