கோணார்க் சக்கரத்தில் மணி பார்க்க

ஒடிசாவின் கோணார்க் சூரியக் கோயிலில் செதுக்கிய கல் சக்கரங்களில் நிழலைக் கொண்டு மணி பார்க்கலாம்; அதற்குத் தெற்குச் சுவர்ச் சக்கரத்தையே பாருங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே வெயில் நன்றாக விழும். மேல் ஆரம் (சக்கரத்தின் கால்) நள்ளிரவு, இடது காலை 6, கீழ் நண்பகல். தடித்த ஆரங்களுக்கிடையே 3 மணி நேரம். தடித்ததற்கும் மெல்லியதற்கும் நடுவே 90 நிமிடம், அந்த இடைவெளியில் விளிம்பில் 30 சிறு உருண்டைகள், ஒன்றுக்கு 3 நிமிடம்.

வழிகாட்டிகள் அச்சின் நடுவில் விரலை நேராக நீட்டி, அதன் நிழல் விழும் இடத்தைக் காட்டுவார்கள். டிசம்பர் காலை 9 மணிக்கு அது அரை மணிக்கு மேல் பிசகும். விரலுக்குப் பதில் பென்சிலை அங்கே நீட்டி, வெளிமுனையைச் சுமார் 20 பாகை கீழே சாய்த்துப் பிடியுங்கள். அந்த ஊரின் அட்சரேகை அதுதான். சிற்பத்தில் கை படவேண்டாம்.

அப்படியும் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகாது. கோணார்க்கில் சூரியன் இந்திய நேரத்துக்குச் சராசரியாக 14 நிமிடம் முந்துகிறது. நவம்பர் தொடக்கத்தில் அரை மணி, பிப்ரவரி நடுவில் அநேகமாக வித்தியாசமே இல்லை.