பேய்ப்படம் பார்க்கும்போது உடம்பு எவ்வளவு பயப்படுகிறது? வீட்டிலேயே அளக்கலாம்

"இதெல்லாம் ஒரு பேய்ப்படமாங்க" என்று சொல்லும் மச்சானின் நாடி என்ன சொல்கிறது என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் போட்ட பல்ஸ் ஆக்சிமீட்டர் போதும். வியர்வையையும் பார்க்க ஆசை இருந்தால், மின்தடை அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று. கோயமுத்தூர்ப் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் தெரிந்த சொந்தக்காரர் யாராவது இருப்பார், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இதயக் கோளாறு, வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள் வேண்டாம். இது மருத்துவப் பரிசோதனையும் இல்லை.

1. முதலில் சும்மா இருக்கும் நாடி

பெரியவர்களுக்கு ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருக்கலாம். அதனால் படத்தின் நடுவே 95 காட்டினால் அதை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது. காபி குடித்த கையோடு அளக்காதீர்கள். 5 நிமிடம் உட்காரவைத்து, சப்பென்ற வீடியோ எதையாவது ஓடவிட்டு எண்ணைக் குறியுங்கள். ஈரோட்டு மஞ்சள் ஏல நிலவரம் போடலாம். மஞ்சள் போட்டிருப்பவருக்கு மட்டும் அதைக் காட்டிவிடாதீர்கள், பேய் வருவதற்கு முன்பே நாடி எகிறிவிடும்.

2. மாட்டுவது

ஆக்சிமீட்டர் விரல் வழியாக ஒளியைச் செலுத்தி, துடிப்புக்குத் துடிப்பு ரத்தம் கூடிக் குறைவதைக் கவனிக்கிறது. நகப்பூச்சு, குளிர்ந்த விரல், கை அசைவு மூன்றும் அதைக் குழப்பும். மார்கழி இரவில் தோட்டத்து வீட்டில் பார்ப்பதானால் கையை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். கை தலையணை மேல் அசையாமல் இருக்கட்டும்.

இன்னொரு கையின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அலுமினியத் தாளைத் தனித்தனியாகச் சுற்றி, டேப் ஒட்டி, மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் அவற்றில் பிடிக்கவையுங்கள். மீட்டரை ஓம் அளவில், 2000 கிலோ ஓமில் வையுங்கள். வியர்த்தால் தோலின் மின்தடை இறங்கும். பேட்டரி மீட்டர் மட்டும்தான். பிளக்கில் செருகிய எதையும் உடம்போடு இணைக்கவே கூடாது.

3. பதிவு

எண்களை நோட்டில் எழுத முயன்றால் நீங்களும் படத்தில் மூழ்கிவிடுவீர்கள். இரண்டு திரையும் தெரியும்படி ஒரு செல்போனை வைத்து வீடியோ எடுங்கள். படத்தின் சத்தமும் கூடவே பதிவாவதால், எந்தக் காட்சிக்கு எந்த எண் என்பது அப்புறம் தானாகத் தெரியும். படம் அவர் இதுவரை பார்க்காததாக இருக்க வேண்டும்.

4. எண்களைப் படிப்பது

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். திடீரென்று பேய் பாயும் காட்சியில் 1 முதல் 3 வினாடிக்குள் தோல் பதில் சொல்லிவிடும். ஆக்சிமீட்டர் சில துடிப்புகளைச் சராசரி எடுத்துக் காட்டுவதால் கொஞ்சம் பிந்தும். அடுத்த 10 வினாடியைப் பாருங்கள்.

ஆனால் கதவு மெல்லத் திறக்கிறது, ஒன்றும் நடக்கவில்லை, அடுத்து என்னவோ என்று காத்திருக்கிறார். அப்போது நாடி இறங்கவும் செய்யும். ஆபத்து எங்கே என்று உடம்பு கூர்ந்து கவனிக்கும் நேரம் அது. அதே சமயம் விரல் வியர்த்துக்கொண்டிருக்கும். நாடி இறங்கியது என்று அவருக்கு வீரப்பட்டம் கட்டிவிடாதீர்கள். என்னைக் கேட்டால், இரண்டு கருவி வைப்பதே இந்த ஓர் இடத்துக்காகத்தான்.

தோல் அளவு நேரம் போகப்போகத் தானாகவே நகரும். அதனால் மொத்த எண்ணை விட்டுவிட்டு, திடீர் இறக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாடியிலும் ஏற்றம்தான் கணக்கு: 72 இருந்து 88 போனவர், 90 இருந்து 98 போனவரைவிட அதிகம் ஆடியிருக்கிறார். நம்ம ஊர்ப் பேய்ப்படங்களில் பாதி காமெடி வேறு. சிரித்தாலும் நாடி ஏறும். வீடியோவில் சிரிப்புச் சத்தம் கேட்கும் இடங்களை அடித்துவிடுங்கள்.

இது கைவந்த பிறகு, ஒரே காட்சியைச் சிலருக்குச் சத்தத்தோடும் வேறு சிலருக்குச் சத்தமில்லாமலும் காட்டிப் பாருங்கள். ஒரே ஆளுக்கு இரண்டு முறை காட்டினால் கணக்காகாது. இரண்டாம் முறை பேய் எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.